இரண்டு வாசல் உள்ள மறைவிடம்

2022 மார்ச் மாதக் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்கூட மின்வெட்டு இருந்தது. மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் ஒழுங்கைக்கு மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்ற அட்டவணையை அம்மா சுவர்க் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தார். வரும் நேரத்தில் முதலில் தண்ணீர்த் தொட்டி நிரம்ப வேண்டும். அடுத்தது அரைக்கிற வேலை. பிறகு எல்லோருடைய தொலைபேசிகளுக்கும் சார்ஜ். இதெல்லாம் முடிந்து, ஊர் படுத்த பிறகு மிஞ்சுகிற ஒன்றரை மணி நேரம் எனக்கு. அந்த நேரத்தில்தான் நான் ‘ஏலியன்: ஐசொலேஷன்’ விளையாடினேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2014 ஒக்டோபரில் வெளிவந்த கணினி விளையாட்டு இது. உருவாக்கியது இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்பிளி, வெளியிட்டது சேகா. ஆயிரக்கணக்கான வீரர்களை மேலிருந்து நகர்த்தும் ‘டோட்டல் வார்’ வரிசைக்காகவே அதுவரை அந்த நிறுவனத்தை எல்லோரும் அறிந்திருந்தார்கள். அவர்கள் ஒற்றைப் பெண்ணை ஒற்றை மிருகத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள். ரிட்லி ஸ்கொட்டின் 1979ஆம் ஆண்டு ‘ஏலியன்’ திரைப்படத்தில் நடப்பவற்றுக்கு 15 ஆண்டுகள் கழித்து, 2137இல் கதை நடக்கிறது. அந்தப் படத்தின் எலன் ரிப்ளிக்கு ஒரு மகள், பெயர் அமண்டா. காணாமல்போன தாயின் கப்பலிலிருந்த பதிவுப் பெட்டி கிடைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, செவஸ்டபோல் என்ற விண்வெளி நிலையத்துக்கு அவள் வருகிறாள். நிலையம் பாழடைந்து கிடக்கிறது. உள்ளே ஒன்று உலாவுகிறது. அதைக் கொல்ல முடியாது. ஒளியலாம், காத்திருக்கலாம், நகரலாம், அவ்வளவுதான்.

இந்த விளையாட்டு தன் முழு உருவத்தைக் காட்டுவது ஐந்தாவது பகுதியில், மருத்துவமனைப் பிரிவில். உடன்வந்த டெய்லர் காயப்பட்டுக் கிடக்கிறாள். அவளுக்கான மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். நீளமான நடைகள், இருபுறமும் நோயாளர் அறைகள், கண்ணாடி யன்னல்கள், மூலைக்கு மூலை இரும்பு அலுமாரிகள். அதுவரை நிழலாகவும் ஓசையாகவும் வந்துபோன மிருகம் இங்கே கூரைத் துளையிலிருந்து இறங்கி, இரண்டு காலில் நடந்து, ஒவ்வோர் அறையாகப் பார்க்கிறது. நான் ஓர் அலுமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கதவில் கிடையாக மூன்று நான்கு கீறல். அவற்றினூடே வெளியே தெரிகிறது. அது அறைக்குள் வந்தது. நின்றது. தலையை என் பக்கம் திருப்பியது. மூச்சை அடக்கிப் பின்னால் சாயும்படி திரை சொன்னது. அடக்கினேன். அமண்டாவின் உயிர் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய, திரையின் ஓரம் சிவக்கத் தொடங்கியது.

“யாரைத் துரத்துகிறார்கள், மனே?”

அம்மா அறை வாசலில் நின்றார். நித்திரை வராத இரவுகளில் அவர் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடப்பது வழக்கம். யாரும் துரத்தவில்லை அம்மா, நான்தான் ஒளிந்திருக்கிறேன் என்றேன். அவர் கிட்டவந்து, கீறல்களுக்கு வெளியே நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அலுமாரிக்குள் போனால் அகப்படத்தானே செய்வாய். ஒளிக்கிற இடத்துக்கு இரண்டு வாசல் இருக்க வேண்டும்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் கதவு பிய்ந்து போனது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போர்க்காலச் சுற்றிவளைப்பு நாட்களில் அம்மா எங்களை ஒருநாளும் வீட்டுக்குள் ஒளித்ததில்லை. கட்டிலுக்குக் கீழே, பத்தாயத்துக்குப் பின்னால் என்று நாங்கள் ஓடுவோம். இழுத்துக்கொண்டு வெளியே வருவார். கிணற்றடிக்குப் பின்னால் வாழைகளுக்குள் எங்களை இருத்துவார். அங்கிருந்து வேலிப் பொட்டு வழியாகப் பக்கத்து வளவுக்குப் போகலாம், வாய்க்கால் வழியாகவும் போகலாம். எனக்கு அப்போது ஆறு வயது. இவ்வளவு காலமும் அதை வெறும் பயம் என்றே நினைத்திருந்தேன். அதற்குள் ஒரு கணக்கு இருந்தது என்று இந்த விளையாட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் விளங்கியது.

மறுநாள் இரவு அலுமாரியை விட்டுவிட்டேன். மேசைகளுக்குக் கீழே, கட்டில்களுக்கு அப்பால், இருபக்கமும் வழியுள்ள இடங்களாகத் தேர்ந்தெடுத்தேன். மிருகம் மேசையின் ஒருபுறம் வந்தால் நான் மறுபுறமாக ஊர்ந்தேன். மருத்துவமனைப் பிரிவு மூன்றே முயற்சியில் முடிந்தது. இந்த விளையாட்டைப் பற்றி நான் சொல்லக்கூடிய பெரிய புகழ்ச்சி இதுதான்: ஒளிவதைப் பற்றி உண்மையாகவே அறிந்த ஒருவரின் அறிவு இதற்குள் செல்லுபடியாகிறது.

எல்லா ஒளிந்தாடும் விளையாட்டுகளிலும் அப்படி ஆகாது. இந்த வகைக்கு 1998 முக்கியமான ஆண்டு. ‘மெட்டல் கியர் சொலிட்’, ‘தீஃப்’ இரண்டும் அந்த ஆண்டில்தான் வந்தன. இரண்டையும் நான் மதிக்கிறேன். ‘தீஃப்’ விளையாட்டில் ஓசையும் வெளிச்சமும் எவ்வளவு நுட்பமாகக் கணக்கிடப்பட்டிருக்கின்றன என்பது இன்றைக்கும் வியப்புத்தான். ஆனால் அவற்றில் காவலர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பாதை உண்டு. இங்கிருந்து அங்கே போவான், திரும்புவான், மறுபடி வருவான். இரண்டு சுற்றுப் பார்த்தால் மனப்பாடம். பிறகு நாம் செய்வது பஸ் வரும் நேரம் பார்த்து வீதியைக் கடக்கிற வேலை. செவஸ்டபோலின் மிருகத்துக்கு அப்படி ஒரு நேரசூசிகை கிடையாது. ஒரே அறையில் பத்துத் தடவை செத்தேன். பத்துத் தடவையும் அது வேறு வழியாக வந்தது.

அது எப்படி என்று தேடிப் படித்தபோது எனக்குக் கூத்துத்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்து வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வட்டக்களரியில் ஆடுகிறவன் தன் பாட்டையும் தன் ஆட்டத்தையும் அறிவான். முழுக் கூத்தையும் அறிந்தவர் அண்ணாவியார். எவன் எப்போது வர வேண்டும், எப்போது களரியை விட்டுப் போக வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். இந்த விளையாட்டுக்குள்ளும் அப்படி ஓர் அண்ணாவியார் இருக்கிறார், ஒரு கணினி நிரலாக. அந்த நிரலுக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்பது எந்நேரமும் தெரியும். ஆனால் மிருகத்துக்கு அதை முழுதாகச் சொல்வதில்லை; இந்தப் பக்கம் போய்ப் பார் என்று ஒரு குறிப்பு மட்டும் கொடுக்கிறது. மிச்சத்தை மிருகம் தன் கண்ணாலும் காதாலும் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அது நமக்குக் கிட்ட நிற்க நிற்க, கண்ணுக்குத் தெரியாத ஒரு மானி ஏறிக்கொண்டே போகிறது. உச்சிக்கு வந்ததும் அண்ணாவியார் மிருகத்தைக் கூரைக் குழாய்களுக்குள் அனுப்பி, நமக்கு மூச்சுவிட இடம் தருகிறார். மிருகத்தின் நடத்தைகளில் சில தொடக்கத்தில் பூட்டப்பட்டிருக்கின்றன. விளையாட்டு போகப்போக, நாம் செய்வதைப் பொறுத்து, ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. அதனால்தான் அது நம்மைப் படித்துக்கொண்டு வருவதுபோல் தோன்றுகிறது.

இதை அறிந்த பிறகு பயம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. ஆனால் ஒரு குறை கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. குறிப்பு கொடுத்துக்கொண்டே இருப்பதால் மிருகம் நம்மை விட்டு நெடுந்தூரம் போவதேயில்லை. அவ்வளவு பெரிய நிலையத்தில் வேறு எங்கோ அதற்கு ஓர் அலுவல் இருக்கும், அங்கே போயிருக்கும் என்ற எண்ணமே வருவதற்கு இடமில்லை. எங்கே போனாலும் தலைக்கு மேலே அதே உருளல். நிசமான வேட்டையில் இல்லாமை என்று ஒன்று உண்டு. நான்கு நாள் ஒன்றுமே நடக்காது, ஐந்தாம் நாள் வரும். அந்த நான்கு நாளின் பயம் வேறு வகையானது. இந்த விளையாட்டு அதைத் தொடவில்லை.

ஓசையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதன் உயிரே அங்குதான் இருக்கிறது. கையில் ஓர் அசைவு காட்டும் கருவி தருகிறார்கள், பழைய பச்சைத் திரையோடு. அதைத் தூக்கிப் பிடித்தால் எதிரே உள்ளது மங்கிவிடும். கருவியைப் பார்க்கலாம் அல்லது நடையைப் பார்க்கலாம், இரண்டையும் ஒருசேரப் பார்க்க முடியாது. மிருகம் மிகக் கிட்ட இருந்தால் கருவியின் டிக் டிக் ஓசையே அதைக் கூட்டிவந்துவிடும். ஆகவே கொஞ்சக் காலத்தில் கருவியை மடக்கிவைத்துவிட்டுக் காதை நம்பத் தொடங்குகிறோம். குழாய்க்குள் அது ஓடும்போது தகரம் உருளும் ஓசை. தரையில் நடக்கும்போது கனத்த அடி, அடிக்கு அடி ஓர் அதிர்வு. கண்டுவிட்டால் ஒரு கிறீச்சிடல். அதற்குப் பிறகு ஓடிப் பயனில்லை. கூரைத் துளைகளின் கீழே நடக்கும்முன் நிமிர்ந்து பார்க்க வேண்டும். எச்சில் நூலாகச் சொட்டினால் மேலே அது காத்திருக்கிறது என்று பொருள்.

ஒரு நாள் அம்மாவுக்குத் தலையில் ஹெட்போன் மாட்டிவிட்டேன். திரையை அவர் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். நான் ஒரு மேசைக்குக் கீழே இருந்தேன். “மேலே ஏறிவிட்டது” என்றார். சற்றுப் பொறுத்து, “வலது கைப்பக்கம் போகிறது.” பிறகு நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. நான் எழும்பப் போனபோது கையைப் பிடித்து அமர்த்தினார். “இன்னும் போகவில்லை, மனே. நிற்கிறது.” பத்து எண்ணுவதற்குள் கனத்த காலடி வாசலைத் தாண்டிப் போனது.

சுற்றிவளைப்புக் காலத்தில் நாய் குரைக்கிற விதத்தை வைத்தே வருவது ட்ரக்கா, நடந்து வருகிறவர்களா, எத்தனை வீடு தள்ளி என்று சொன்னவர் அவர். காதால் ஓர் இடத்தை அறிவது எங்கள் ஊரில் புதிதும் அல்ல. முழுநிலா இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைத்துப் பாடும் மீனைக் கேட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். இந்த விளையாட்டின் ஒலியை அமைத்தவர்கள் யாராக இருந்தாலும், அவர்களும் அப்படிக் காதுவைத்துக் கேட்டவர்கள்தான் என்று நம்புகிறேன்.

நிலையத்தின் தோற்றத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். 1979 படம் எடுத்தவர்கள் கற்பனை செய்த எதிர்காலம் எதுவோ அதைத் தாண்டி ஒரு பொருளும் உள்ளே இல்லை. உப்பிய கண்ணாடித் திரைகள், தடித்த பொத்தான்கள், சுருள் நாடாக்கள். திரைகளில் ஓடும் படங்களைப் பழைய வீஎச்எஸ் நாடாவில் பதிந்து, பழைய தொலைக்காட்சியில் ஓடவிட்டு, அந்த நடுக்கத்தோடேயே மறுபடி எடுத்திருக்கிறார்கள். அந்த உழைப்பு ஒவ்வொரு சுவரிலும் தெரிகிறது. அதோடு வேர்க்கிங் ஜோ என்ற ரப்பர் முகத்து இயந்திர மனிதர்கள். அவசரமே இல்லாமல் நடந்துவந்து, தணிந்த குரலில் மரியாதையாகப் பேசிக்கொண்டே கழுத்தை நெரிப்பார்கள். மிருகத்துக்கு அடுத்தபடியாக என்னை நடுங்கவைத்தது அந்தக் குரல்.

சேமிக்கும் முறையைப் பற்றி இணையத்தில் ஆயிரம் முறைப்பாடு. தானாகச் சேமிக்காது, சுவரில் தொலைபேசிபோல் இருக்கும் பெட்டியைத் தேடிப்போய் அட்டையைச் செருக வேண்டும். மூன்று விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும்வரை நின்ற இடத்தில் நிற்க வேண்டும். அந்த மூன்று விளக்குக்குள் மிருகம் பின்னால் வந்தால் கதை முடிந்தது. மின்வெட்டுக் காலத்தில் எனக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப்பாருங்கள். ஒரு நாள் அட்டவணைக்கு இருபது நிமிடம் முந்தி மின்சாரம் போனது. நான் இரண்டாம் விளக்கில் நின்றேன். ஐம்பது நிமிடப் பாடு இருட்டோடு போயிற்று. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

அப்படியிருந்தும் அந்தப் பெட்டிக்காக நான் வாதாடுவேன். நினைத்த இடத்தில் சேமிக்கலாம் என்றால் யாரும் மூச்சை அடக்கமாட்டார்கள். இழப்பதற்கு ஐம்பது நிமிடம் கையில் இருந்தால்தான் கூரையில் தகரம் உருளும்போது வயிறு கலங்கும். முற்பாதியில் இது சரியான விலை. பிற்பாதியில்தான் அநியாயம் ஆகிறது, அதற்குக் காரணம் பெட்டி அல்ல.

காரணம் நீளம். மொத்தம் 18 பகுதிகள். எனக்கு இருபது மணி நேரத்துக்கும் மேல் பிடித்தது. பத்தாவது பகுதியில் மிருகத்தை ஓர் ஆய்வுக்கூடத்துக்குள் கவர்ந்திழுத்து, அந்தக் கூடத்தையே நிலையத்திலிருந்து கழற்றி விண்வெளியில் விட்டுவிடுகிறார்கள். அமண்டா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே பாய்கிறாள். அங்கே முடிந்திருந்தால் இந்த வகையில் இதற்கு இணை இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முடியவில்லை. அதற்குப் பிறகு நெடுநேரம் இயந்திர மனிதர்களோடு மல்லுக்கட்டு. பிறகு கீழே அணு உலைப் பக்கம் போனால் அங்கே ஒரு கூடே இருக்கிறது. ஒன்று இருந்த இடத்தில் பல. எண்ணிக்கை கூடியபோது பயம் கூடவில்லை. ஒற்றை மிருகத்தின் நடையை, அதன் நிற்றலை, அதன் தலை திரும்பலை அவ்வளவு நெருக்கமாக அறிந்த பிறகு, அது பலவற்றில் ஒன்று என்று கேட்பது ஒரு மரியாதைக் குறைவுபோல் எனக்குப் பட்டது.

தீயுமிழும் துவக்கு கைக்கு வருவதும் இதே சிக்கலை வளர்க்கிறது. முதல் இரண்டு தடவை, நெருப்பைக் கண்டு மிருகம் கிறீச்சிட்டுப் பின்வாங்கும்போது உடம்பு குளிர்கிறது. வெகுநேரம் குனிந்திருந்தவன் நிமிர்ந்த உணர்வு. ஆனால் எரிபொருளைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கத் தொடங்கியதும் ஒளிவது நின்றுவிடுகிறது. நான் நடைபாதையின் நடுவில் நடந்தேன். மின்பிறப்பாக்கியை முடுக்கு, நெம்பைத் திருப்பு, வந்த வழியே திரும்பிப் போ, மற்றக் கதவு பழுது, வேறு வழி பார் என்று வேலைமேல் வேலை. கடைசிப் பகுதிகளில் மிருகம் வந்தபோது பயத்துக்குப் பதில் எரிச்சல் வந்தது. பயமுறுத்தும் ஒரு படைப்புக்கு அதைவிடப் பெரிய தோல்வி இல்லை.

எனக்கு இதைவிடவும் மனத்தாங்கலான குறை மனிதர்கள். நிலையத்தில் உயிர்தப்பியவர்கள் சிறு கூட்டங்களாகத் திரிகிறார்கள். நம்மைக் கண்டதும் கத்துகிறார்கள், சுடுகிறார்கள். ஓசையெழுப்பும் கருவியை அவர்கள் நடுவே வீசினால் மிருகம் வந்து எல்லோரையும் முடித்துவிடும். நாம் மறைவிலிருந்து பார்க்கலாம். இது ஒரு தந்திரமாக நன்றாக வேலைசெய்கிறது. ஆனால் பயந்த மனிதர்கள் இப்படி இருப்பதில்லை. 1990இல் நாங்கள் ஒரு கோயில் மண்டபத்தில் இருபது நாள் இருந்தோம். அங்கே முன்பின் தெரியாத ஒரு பெண் என் தங்கையின் வாயைப் பொத்தி மடியில் வைத்திருந்தாள், அழுதால் எல்லோருக்கும் ஆபத்து என்று. அவளுடைய கை வியர்த்து, தங்கையின் கன்னத்தில் மஞ்சள் நிறம் ஒட்டியிருந்தது. யாரும் உரத்துப் பேசவில்லை. ஒரு போத்தல் தண்ணீர் கைமாறிக் கைமாறி மண்டபத்தைச் சுற்றி வந்தது. ஒருவரையொருவர் நம்பாதவர்களும் இருந்தார்கள், சண்டையும் வந்தது. அந்தச் சண்டையும் கிசுகிசுப்பிலேயே நடந்தது.

செவஸ்டபோலில் எனக்கு எதிரே துவக்கோடு நிற்கும் மனிதன் ஒருமுறையாவது விரலை உதட்டில் வைத்திருக்கலாம். மிருகம் இருவரின் தலைக்கும் மேலே போகும்வரை நாங்கள் இருவரும் அசையாமல் நின்று, பிறகு பகைவர்களாகவே பிரிந்திருக்கலாம். ஒளிதலைப் பற்றிய இவ்வளவு நுட்பமான படைப்பில், சேர்ந்து ஒளிதல் என்பதே இல்லாமல் போனது எனக்கு ஆறவில்லை. முகங்களின் விறைப்பையும் வசனங்களின் தட்டையையும் இதோடு ஒப்பிடும்போது ஒரு குறையாகவே நான் எண்ணவில்லை.

கதை முடிவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தாயைத் தேடிவந்த மகளுக்குத் தாயின் குரல் ஒரு பதிவாகக் கிடைக்கிறது. அந்த இடத்தில் நான் விளையாட்டை நிறுத்திவைத்து, அம்மாவின் அறையில் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். அதன் பிறகு வரும் கடைசிக் காட்சி, ஒரு வெளிச்சம் முகத்தில் விழ, சட்டென்று அறுந்து நிற்கிறது. இருபது மணி நேரம் தவழ்ந்து வந்தவளுக்கு இன்னும் ஒரு நிமிடம் கொடுத்திருக்கலாம்.

2024 ஒக்டோபர் 7ஆம் திகதி, விளையாட்டு வெளிவந்து சரியாகப் பத்து ஆண்டு நிறைந்த நாளில், இதன் படைப்புத் தலைவர் அல் ஹோப் அடுத்த பாகத்தின் வேலை தொடங்கிவிட்டதாக அறிவித்தார். செய்தியைப் படித்த அன்றிரவே பழையதை மறுபடி ஓடவிட்டேன். இப்போது எங்களுக்கு மின்சாரம் ஒழுங்காக இருக்கிறது. அம்மா பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, ஹெட்போனின் ஒரு காதைத் தனக்கு எடுத்துக்கொண்டார். ஐந்தாவது பகுதியில் தொடங்கினோம். ஆய்வுக்கூடம் கழன்று, கோளின் வெளிச்சத்தில் சுழன்று சுழன்று சிறிதாகிப் போனதும் நான் கணினியை நிறுத்தினேன்.